பீப்பாயின் தாய்

ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை காலையில் ஃபோஸ்கோ அந்த வார்த்தையைச் சொன்னான். மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து, கிண்ணத்துப் பால் காப்பியில் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை விருந்து முடிஞ்சதும் மச்சுச் சாவியை மரிலேனாகிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்."

செசீரா அடுப்பில் கிளறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தவில்லை. "குடேன். உன் வீடு, உன் பெண்டாட்டி."

"கோவமா?"

"எனக்கென்னடா கோவம்? முப்பது வருஷமா இடுப்புல சுமந்தேன். இனிமே இடுப்பு லேசா இருக்கும்."

கோபம் இல்லையாம்! அவள் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அந்த அடுப்பில் விறகே தேவைப்பட்டிருக்காது.

மொந்தோர்சொலி என்ற அந்த இத்தாலியக் குன்றூரில் ஒரு வீட்டுக்கு எஜமானி யார் என்று தெரிய வேண்டுமானால், மச்சுச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று பார்த்தால் போதும். மச்சு, கூரை ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும் அறை. கோடையில் தீயாய்க் காயும், குளிரில் விறைக்கும். வின் சாந்தோ என்ற இனிப்பு வைனுக்கு அந்த இரண்டு கஷ்டமும் வேண்டும். அறுவடையில் பொறுக்கி எடுத்த திராட்சையை நாணல் தட்டியில் பரப்பி, ஈஸ்டர் வரை சுருங்கவிட்டு, பிழிந்த சாற்றைச் சின்னப் பீப்பாயில் ஊற்றி வாயை மெழுகால் அடைத்துவிடுவார்கள். அப்புறம் ஆறு வருஷம் யாரும் அதைத் தொடக்கூடாது.

ஆனால் வைன் வைனாவது திராட்சையால் மட்டுமல்ல. பீப்பாயின் அடியில் கருஞ்சேறு மாதிரி ஒரு வண்டல் தங்கியிருக்கும். அதற்குத் தாய் என்று பெயர். தயிருக்கு உறை எப்படியோ அப்படி. பழைய வைனை வடித்தாலும் தாயைத் தொடாமல் விட்டு, அதன் மேலேயே புதுச் சாற்றை ஊற்ற வேண்டும். செசீரா பிறந்த பெர்தெல்லோனி வீட்டு மச்சில் இருந்த இரண்டு பீப்பாய்களின் தாயும் கொள்ளுத்தாத்தா காலத்தது. அந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டித் தாய் கூட வெளியே போனதில்லை. பக்கத்துப் பண்ணையில் தாய் புளித்துப்போய் அழுதுகொண்டு வந்து கேட்டபோதும் செசீரா கதவைச் சாத்தினாள். புதிதாக ஒரு தாய் உருவாகி நிலைப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

இந்தத் தாயைக் காப்பதற்காகத்தான் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டதாக செசீரா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவளை யாரும் பெண் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். திருப்பித் திருப்பிச் சொன்னதில் அவளுக்கே அது நிஜமாகிவிட்டது. அம்மா செத்த அன்று இடுப்பில் ஏறிய சாவி, தூங்கும்போது மட்டும்தான் இறங்கும்.

அப்படி இருந்த வீட்டுக்குள்தான் மரிலேனா வந்தாள். ஐம்பது வயதுவரை ஒண்டிக்கட்டையாக இருந்த ஃபோஸ்கோ, போன இலையுதிர்காலத்தில் ஆலிவ் எண்ணெய் விற்கக் கடற்கரை ஊரான லிவோர்னோவுக்குப் போனான். எண்ணெயை விற்றானோ இல்லையோ, மீன் கடைக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். நாற்பது வயது, பருத்த கை, தெருமுனைவரை கேட்கும் சிரிப்பு. செசீரா ஆறு மாதமாக அந்தச் சிரிப்பைக் கேட்டாலே ஜன்னலைத் திறந்து வைப்பாள். "கடல் நாத்தம் போகட்டும்" என்பாள். மரிலேனா அதற்கும் சிரிப்பாள். "போகாதுக்கா, எலும்புக்குள்ள ஏறிடுச்சு" என்பாள்.

வந்த நாளிலிருந்து மரிலேனா புருஷனை லிவோர்னோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடை இருக்கிறது, கடைக்கு மேலே வீடு இருக்கிறது, இந்தக் குன்றில் கல்லையும் முள்ளையும் கட்டிக்கொண்டு ஏன் சாக வேண்டும் என்பாள். போதாக்குறைக்கு, வெளிநாட்டுக்காரர்கள் பாழடைந்த பண்ணைவீட்டைக்கூட அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஜெர்மன் பல் டாக்டர் இரண்டு தடவை வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார். ஃபோஸ்கோ ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வான்: "மச்சுல தாய் இருக்கறவரைக்கும் நான் எங்கயும் வரமாட்டேன்." சமையலறையிலிருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் செசீராவுக்குப் பால் குடித்ததுபோல் இருக்கும்.

இப்போது சாவியே போகிறது. சாவி போனால் அவள் அந்த வீட்டில் யார்? மூலையில் கிடக்கும் நாத்தனார். கஞ்சி ஊற்றினால் குடிக்க வேண்டியவள். யோசிக்க யோசிக்க, மரிலேனா இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும், அதுவும் ஃபோஸ்கோவே அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும் என்ற முடிவுக்கு அவள் வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை அக்காவும் தம்பியும் மச்சேறி, பீப்பாய்களைத் திறந்து, தேன் நிறத்தில் வைனை வடித்தார்கள். அன்று சாயங்காலமே செசீரா கோயிலுக்குப் போய் ஈஸ்டர் பாவசங்கீர்த்தனத்தை முடித்துவிட்டாள். இன்னும் செய்யாத பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே!

வெள்ளிக்கிழமை காலையில் தனியாக மேலே போனாள். இரண்டு பீப்பாயிலிருந்தும் கரண்டி கரண்டியாகத் தாயைத் தோண்டி ஒரு கண்ணாடி ஜாடியில் நிரப்பினாள். மிச்சத்தை விட்டுவைத்தாள். ஜாடியைச் சரக்கறையில் தக்காளிக் கூழ் ஜாடிகளுக்குப் பின்னால் தள்ளினாள். மரிலேனா ஒழிந்த பிறகு, தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "அழாதேடா, அக்கா கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன்" என்று அதைக் கொண்டுவந்து வைப்பாள். அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

சனிக்கிழமை காலையில் திராட்சையைப் பிழிந்து சாற்றைத் தொட்டியில் விட்டார்கள். திங்கட்கிழமை பீப்பாயில் ஊற்ற வேண்டும். மத்தியானம் ஃபோஸ்கோ ஆட்டுக்குட்டி இறைச்சி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். செசீரா முட்டைகளைக் கூடையில் அடுக்கி வெள்ளைத் துணி போட்டு மூடினாள். கோயிலில் மந்திரித்து வாங்கி வர வேண்டும், மறுநாள் காலையில் முதலில் அதைத்தான் சாப்பிடுவார்கள். புறப்படுகிறவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"ஏம்மா மரிலேனா, உங்க ஊர்ல பாத்திரத்தைக் கழுவாமலேதான் அடுத்த சமையல் வெப்பீங்களா?"

"ஏங்க்கா?"

"ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை புதுச்சாறு ஊத்தப்போறான். மேல அந்தப் பீப்பாயைப் பாத்தேன், உள்ள ஒரே சேறு. நாளைக்குச் சாவி உன் கைக்கு வரப்போவுது. சாப்பிட்டதும் சித்தப்பா, சாமியார் எல்லாம் மேல ஏறிப் பாப்பாங்க. எனக்கென்ன, என் பேரா கெடப்போவுது?"

மரிலேனா அவள் முகத்தையே பார்த்தாள். "நான் கழுவணுமாக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. வீட்டுக்காரி நீ." மச்சுக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். படியில் சோடா உப்புப் பொட்டலமும், சாதா வைன் பீப்பாயைத் தேய்க்கிற இரும்புச் சங்கிலியும் இருந்தன. கதவைத் திறந்தது யார், சங்கிலியை அங்கே வைத்தது யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மந்திரித்த முட்டைகளோடு அவள் திரும்பி வந்தபோது முற்றத்தில் கோழிகள் காலைப் பின்னிப் பின்னி நடந்தன. சேவல் கிணற்றடியில் பக்கவாட்டில் சாய்ந்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டிய வண்டலைத் தின்றுவிட்டு அத்தனையும் வெறியில் கிடந்தன. மரிலேனா முழங்கைவரை சிவந்த கையோடு படியிறங்கி வந்தாள்.

"மூணு தடவை கொதிக்கிற தண்ணி ஊத்தி உருட்டிட்டேன்க்கா. பளபளன்னு இருக்கு."

"ராசாத்தி" என்றாள் செசீரா. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். உடனே கோழிகளை விரட்டிக் கூட்டில் அடைத்தாள், ஃபோஸ்கோ பார்த்துவிடக் கூடாதே!

ஈஸ்டர் ஞாயிறு விருந்துக்கு இரண்டே பேர்தான் வெளியாட்கள். ஒருவர் துயீலியோ சித்தப்பா, வாயைத் திறந்தால் யாரையாவது கடிக்காமல் மூடாத கிழவர். இன்னொருவர் பங்குச்சாமியார் எஜிதியோ, நல்ல சாப்பாட்டுக்கு முன்னால் யாருடைய பாவத்தையும் நினைக்காத மனுஷர். கோழி ஈரல் தடவிய ரொட்டி, ஆட்டுக்குட்டி வறுவல் எல்லாம் ஒருவழியாக முடிந்ததும் மரிலேனா சமையலறைக்குள் வந்தாள்.

"அக்கா, வின் சாந்தோவுக்குத் தொட்டுக்க என்ன வெக்கறது?"

இந்த ஒரு கேள்வியை செசீரா எதிர்பார்க்கவில்லை. தானாக வந்து விழுந்த வரம். "பாதாம் பிஸ்கட்டுதான். தட்டு நிறைய வை. நல்லா முக்கிச் சாப்பிடட்டும்."

கடையில் வாங்கிய வின் சாந்தோவில் பிஸ்கட்டை முக்குவார்கள், அது சரி. பல்லை உடைக்கும் பிஸ்கட்டை ஊறவைக்க அந்த வைன் போதும். ஆனால் தன் வீட்டு மச்சில் ஆறு வருஷம் கிடந்த வைனை ஒருவன் வெறுமனே சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பான். மிஞ்சிப்போனால் நாள்பட்ட ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு வைப்பான். பிஸ்கட் தட்டை வைத்தால், இந்த வைன் தனியாக நிற்க லாயக்கில்லாதது என்று வீட்டுக்காரனே சொல்கிற மாதிரி. மொந்தோர்சொலியில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

மரிலேனா சிரித்த முகமாகத் தட்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் துயீலியோ. "ஆறு வருஷத்து வைனுக்கு ஊன்றுகோல் வேணுமா?"

"முக்கிச் சாப்பிடத்தான் சித்தப்பா."

"முக்கியா! சாமி, உங்க தீர்த்தத் தொட்டியைப் பத்திரமா பூட்டி வையுங்க. அடுத்த ஞாயிறு இவ அதுல ரொட்டியை முக்கிடப்போறா."

சாமியார் கைக்குட்டைக்குள் சிரித்தார். சிரிப்பு அடங்காமல் வயிறு குலுங்கியது.

"லிவோர்னோவுல கடல் தண்ணியில முக்கித் தின்னு வளர்ந்தவங்கப்பா" என்றார் கிழவர் விடாமல்.

"விடுங்க சித்தப்பா, பாவம்" என்றாள் செசீரா இனிமையாக. "தெரியாத பொண்ணு. மீனை எண்ணெயில போடத் தெரியும், அவ்வளவுதான். நாம சொல்லிக் குடுத்தா ஏறவா போவுது?"

மரிலேனாவின் கழுத்தெல்லாம் சிவந்தது. தட்டை எடுக்கக் கையை நீட்டினாள். அப்போது ஃபோஸ்கோ எட்டி ஒரு பிஸ்கட்டை எடுத்தான். அப்பா, தாத்தா யாரும் செய்யாத காரியம். தன் கோப்பையில் அதை முழுசாக முக்கி, ஊறவிட்டு, வாயில் போட்டு மென்றான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

தம்பி இவ்வளவு தூரம் போயிருப்பான் என்று செசீரா நினைக்கவே இல்லை. இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று பல்லைக் கடித்தாள். "வாங்க, மேல போய்ப் பீப்பாயைப் பாத்துட்டு வருவோம். சாவியை அங்கேயே வெச்சுக் குடுத்துடு ஃபோஸ்கோ" என்று அவளே எழுந்தாள்.

மச்சில் நுழைந்ததுமே ஃபோஸ்கோ மூக்கை உறிஞ்சினான். அந்த அறைக்கு எப்போதும் அத்திப்பழமும் கொட்டைத்தோலும் கலந்த ஒரு மணம் உண்டு. இப்போது சலவைத்துறை வாடை அடித்தது. பீப்பாயின் மூடியைக் கழற்றி நாணல் குச்சியை உள்ளே விட்டு எடுத்தான். குச்சி வெள்ளையாக வந்தது. இரண்டாவது பீப்பாயில் விட்டான். அதுவும் வெள்ளை.

"யாரு?" என்றான்.

"நான்தான்" என்றாள் மரிலேனா. "அழுக்கா இருந்துச்சு. கழுவி வெச்சேன்."

துயீலியோ சுவரைப் பிடித்துக்கொண்டார். "தாயைக் கழுவிட்டாளா? அடிப்பாவி! எங்க தாத்தா அதைத் தோள்ல தூக்கிட்டு வந்ததுடி! துரத்துடா இவளை! இன்னிக்கே பஸ் ஏத்திவிடு!"

"ஐயோ, என் அப்பன் வெச்சுட்டுப் போன தாயே!" என்று செசீரா தலையில் அடித்துக்கொண்டாள். "சொல்லுடா, ஏதாவது சொல்லு இவளை! கடல்ல கிடந்ததைக் கொண்டாந்து வீட்டுல வெச்சா இப்படித்தான் ஆவும்!"

ஃபோஸ்கோ யாரையும் திட்டவில்லை. பீப்பாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். தோள் குலுங்க, சத்தமில்லாமல், வெகுநேரம் அழுதான். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னது செசீரா எழுதி வைத்திருந்த நாடகத்தில் இல்லை.

"முடிஞ்சுபோச்சு. இனி எனக்கு இங்க என்ன இருக்கு? அந்த டாக்டர்கிட்ட வித்துட்டு நான் இவகூட லிவோர்னோ போறேன்."

"வித்துட்டா? எதுக்குடா விக்கணும்? அவளை அனுப்பு, வீடு என்ன பண்ணுச்சு?"

"தாய் இல்லாத வீடு வெறும் கல்லுக்கா. அதைக் காவல் காத்தே என் வயசு போச்சு. இனி யாருக்காகக் காக்கறது?"

செசீரா கதவுப் பக்கம் நகர்ந்தாள். ஜாடியை இப்போதே எடுத்தாக வேண்டும். ஏதோ ஞாபகத்தில் கொஞ்சம் எடுத்து வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், காரணம் பிறகு யோசிக்கலாம். ஒருத்தரிடமும் சொல்லாமல் படியில் தடதடவென்று இறங்கினாள். சரக்கறைக்குள் நுழைந்து தக்காளி ஜாடிகளை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். பின்னால் சுவர்தான் இருந்தது. கீழ்த்தட்டில் தேடினாள், மேல்தட்டில் தேடினாள். திரும்பியபோது, பாத்திரம் கவிழ்க்கும் பலகையில் அந்த ஜாடி தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் மின்னியது.

"அதையும் கழுவிட்டேன்க்கா" என்றாள் மரிலேனா. அவள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "அதே சேறுதான். ரெண்டும் ஒரே நாத்தம்."

செசீரா ஜாடியை எடுத்து உள்ளே பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

மரிலேனா கதவைச் சாத்தினாள். அவள் சிரிக்கவில்லை. தெருமுனைவரை கேட்கும் குரல் இப்போது ஒரு முழத்துக்கு அப்பால் கேட்காது.

"தாய்னா என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? கல்யாணமான முதல் ராத்திரியே குடிபோதையில உளறிட்டாரு, விடிஞ்சதும் அவருக்கே ஞாபகம் இல்ல. மத்தவன் முத்தம் குடுப்பான், உங்க தம்பி வண்டலைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாரு. அன்னியிலேருந்து அந்தச் சேத்தை எப்படி ஒழிக்கறதுன்னுதான் யோசிச்சேன். நானா தொட்டிருந்தா வெட்டியே போட்டிருப்பாரு. நீங்களே வாய் திறந்து கழுவச் சொன்னீங்க பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு."

செசீராவின் கணக்கு பிசகியது அங்கேதான். வீட்டு ரகசியம் பெண்கள் வாய்வழியாகத்தான் வரும், மாமியார் மருமகளுக்குச் சொல்வாள், நாத்தனார் சொல்வாள், ஆம்பளை சொல்லமாட்டான் என்பது அந்த ஊர்ப் பழக்கம். தாய் என்ற பேர் காதில் விழுந்திருந்தாலும், அது அந்தச் சேறுதான் என்று தான் வாயைத் திறக்காதவரை மரிலேனாவுக்குத் தெரியாது என்று அவள் சத்தியமாக நம்பியிருந்தாள். பெண்டாட்டிக்காகப் பிஸ்கட் முக்குகிறவன் எதைத்தான் சொல்லமாட்டான்!

"நான் போய்ச் சொல்றேன்" என்றாள் செசீரா. "எல்லாத்தையும் சொல்றேன்."

"சொல்லுங்க. ஜாடியில எடுத்து வெச்சிருந்தேன்னும் சொல்லுங்க. எதுக்கு எடுத்து வெச்சேன்னு கேப்பாரு."

வெளியே படியில் காலடிச் சத்தம் கேட்டது. மரிலேனா கதவைத் திறந்தாள். திறந்த கையோடு முகத்தை மூடிக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். ஃபோஸ்கோ கண் வீங்கி உள்ளே வந்தான். பின்னால் கிழவரும் சாமியாரும் நின்றார்கள்.

"அக்கா, போதும்" என்றான் அவன். "இவளைத் திட்டாதே. தெரியாம செஞ்சுட்டா. ஆறு மாசத்துல நீ ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா? உன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நீ சொல்லியிருக்கணும்."

செசீரா வாயைத் திறந்தாள். ஜாடி பலகையில் இருந்தது. தம்பி அந்தப் பலகை மேல்தான் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஈஸ்டர் அன்னிக்கு மனஸ்தாபம் வேண்டாம்மா" என்றார் சாமியார். "மன்னிச்சேன்னு சொல்லி அந்தப் பொண்ணை அணைச்சுக்கோ."

செசீரா மன்னித்தேன் என்றாள். அணைத்துக்கொண்டாள். அந்தப் பருத்த தோள் அவள் மோவாய்க்குக் கீழே குலுங்கியது. அழுகையா வேறு ஏதாவதா என்று செசீராவுக்கு மட்டும்தான் தெரியும்.

"அக்காவை இங்க தனியா விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்றாள் மரிலேனா, கண்ணைத் துடைத்தபடி எல்லோரையும் பார்த்து. "நம்மகூடவே இருக்கட்டும். மாடியில ரெண்டு ரூம்தான், பரவாயில்ல, அடுப்படியில ஒரு கட்டில் போட்டுடலாம். கடையில எனக்கும் ஒரு கை உதவியா இருக்கும்."

"பாத்தியாக்கா, இவ மனசை?" என்றான் ஃபோஸ்கோ. "இவ்வளவு பேச்சுப் பேசினியே. ஒரு நன்றி சொல்லு."

செசீரா தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "நன்றி" என்றாள்.

"சித்தப்பாவுக்குக் கேக்கலையாம்" என்றாள் மரிலேனா. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கக்கா."